மாமா மாற்றி வாங்கிய கேமரா

14 டிசம்பர் 2007, வெள்ளி

செவ்வாய்க் கிரகம் அடுத்த வாரம் பூமியை நெருங்குகிறது. தவறவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் படித்துத்தான் என் தொலைநோக்கியில் பொருத்தக் கறுப்பு வெள்ளை கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். அதில்தான் கிரகம் துல்லியமாக விழும். தொலைநோக்கி இலக்கை விட்டு விலகாமலிருக்கக் குறியாக வைத்துக்கொள்ளும் மங்கலான நட்சத்திரமும் அதில்தான் தெரியும். பாரிசில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் கேமராவின் பெயரை எழுத்தெழுத்தாகப் போனில் சொல்லி வாங்கிவரச் சொன்னேன்.

இன்று ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அக்காவோடு வந்ததும் மாமா பெட்டியைப் பிரித்தார்.

"கடக்காரன் கறுப்பு வெள்ளைய உன் தலையில கட்டப் பாத்தான் மாப்ள. நான் விடுவனா? சண்ட போட்டு கலரா மாத்திட்டேன்."

அக்கா பூரித்துப்போய் நின்றாள். நான் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமா அதை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றேன்.

"அடுத்த தடவையும் எது வேணும்னாலும் சொல்லு" என்றார்.

அடுத்த தடவை அவர் வருவதும் இரண்டு வருடம் கழித்துத்தான்.