கீழ்க்காணிக்காரி

யூலை 3, வியாழன்

கச்சான் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. விடிந்ததிலிருந்து கண் எரிச்சல்.

இவருடைய பையில் வைத்தவை: சாரம் 4, சேட் 3, துவாய் 2, பல்செட், கண்ணாடி (போடமாட்டார், என்றாலும்), சவரச் சாமான், பம்பேஸ் ஒரு கட்டு, கிளினிக் கொப்பி. உடுப்பு எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இடது கையில் மாவுக்கட்டு. சாரத்தை முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். நாலாவது சாரத்தில் பெயர் கோணல்.

நாளைக்கு வவுனியா போய், அங்கிருந்து பூவரசங்குளம் பக்கம். மறதி வந்த வயதானவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்களாம். சரிவந்தால்தான் தொடர்ந்து. வாசல் படலையைத் தாண்டி வெளிக்கிடுகிற ஆட்களை வைத்திருக்க வசதியில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

மகள் லண்டனில் இருந்து: "அம்மா, கை முறிஞ்சது காணாதோ? கழுத்தும் முறியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறீங்களோ?"

ஆஸ்பத்திரியில் கிணற்றடியில் வழுக்கினேன் என்று சொன்னேன். இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள். வாய்க்காலுக்குப் போக விடவில்லை என்று இவர்தான் தள்ளினார். நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. தள்ளிவிட்டு, "ஆர் உம்மை விழுத்தினது?" என்று அவரே தூக்கியும் விட்டார்.

யூலை 4, வெள்ளி

மாங்குளத்தில் பஸ் நின்றபோது தேத்தண்ணி. இவருக்குச் சீனி கூட. வழிநெடுக வயல் பார்த்துக்கொண்டு வந்தார். "சிறுபோகத்துக்கு உந்தத் தண்ணி காணாது" என்று கொண்டக்டருக்கு விளக்கம். அவரும் ஓம் ஐயா, ஓம் ஐயா. பார்க்கிற யாரும் மறதி வருத்தக்காரன் என்று சொல்லமாட்டார்கள். பிழை விடுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. திரும்பிப் போகலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன்.

இல்லம்: பதினாலு பேர். நீட்டு விறாந்தை, பிளாஸ்ரிக் கதிரைகள், இரண்டு மாமரம், உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. பொறுப்பாக இருப்பவா ஓய்வுபெற்ற தாதி. முகத்தில் சிரிப்பில்லை, கெட்டவா இல்லை. பராமரிக்கும் பெண் புஷ்பம், ஐம்பது வயதிருக்கும். தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களாம். "ஐயாவ நாங்க பாத்துக்கிறோம்மா. சொல்லிக்கிடாம போங்க. சொன்னா விடமாட்டாரு."

குசினிப் பக்கத்தால் வெளியே வந்தேன். கோழி பிடித்துக்கொண்டு போகிற கள்ளி மாதிரி.

யூலை 6, ஞாயிறு

வெயில். இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மிச்சம் நாய்க்கு.

நேற்றிரவு எட்டு மணித்தியாலம் நித்திரை. இடையில் ஒருக்காவும் எழும்பவில்லை. எழும்பியதும் உடம்பு லேசாக இருந்தது. அதை நினைத்து நினைத்து அழுதேன்.

யூலை 9, புதன்

காலை ஆறரைக்குப் பொறுப்பாளரின் போன். இவர் விடிய எழும்பிக் குளியலறை, குசினி, தோட்டம் என்று இருக்கிற பைப் முழுவதையும் திறந்துவிட்டாராம். தாங்கியில் ஒரு சொட்டு இல்லை. பதினாலு பேரும் முகம் கழுவாமல். "அம்மா, வறட்சியில கிணறு அடியில நிக்குது. இப்பிடியெண்டா எங்களால ஏலாது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் குடியேற்றத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைக்குத்தான் வரும். முதலில் மேல்காணி, பிறகு நாங்கள், பிறகு கீழ்க்காணி. எங்கள் முறையில் மடை திறக்காவிட்டால் தண்ணீர் எங்களைத் தாண்டிப் போய்விடும். இதே வேலையைத்தான் இவர் நாற்பது வருடம் செய்தார். கூட்டுகிற தும்புத்தடியை மண்வெட்டி மாதிரித் தோளில் வைத்துக்கொண்டுதான் திறந்துகொண்டு போனாராம். மூடப் போனவர்களுக்குக் கை ஓங்கினாராம்.

"ஏசாதேங்கோ. 'முறை முடிஞ்சுது, இனிக் கீழ்க்காணிக்குத் தண்ணி' எண்டு சொல்லிப் பாருங்கோ" என்றேன். முறை தவறி ஒரு வாளி எடுத்த ஆள் இல்லை இவர்.

பின்னேரம் புஷ்பம் எடுத்தாள். "எல்லாத்தையும் அவரே மூடிட்டாரும்மா! இப்ப கதிரையில இருந்துக்கிட்டு, கீழ்க்காணிக்காரங்க வந்துட்டாங்களான்னு கேக்குறாரு."

மகளுக்கு வட்சப்பில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு.

யூலை 13, ஞாயிறு

முதல் தடவை பார்க்கப் போனேன். நாலு மணிக்கு எழும்பி இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி.

கண்டதும் எழும்பினார். "இஞ்சரும், எங்க போனனீர் இவ்வளவு நாளும்? வாரும், வெளிக்கிடுவம்." பையைத் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் வெறுங்கையோடு படலைக்கு. புஷ்பமும் இன்னொருத்தியும் பிடித்தார்கள். படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் கிடந்த காலத்திலும் இவர் அழுது நான் காணவில்லை. "என்னை ஏன் விட்டிட்டுப் போறீர்? நான் என்ன பிழை விட்டனான்?" அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

பொறுப்பாளர்: "உங்களைக் கண்டால்தான் வெளிக்கிடப் பாக்கிறார். மாசம் முடியுமட்டும் வராதேங்கோ. போனிலயும் கதைக்க வேண்டாம். இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் திருப்பி அனுப்பத்தான் வேணும்."

அவா சொல்வதில் பிழை இல்லை. திருப்பி அனுப்பினால் ஒற்றைக் கையோடு நான் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. சாப்பாட்டுப் பெட்டி வீடு திரும்பக் கிளிநொச்சி வரைக்கும் மடியில். திறக்கவில்லை.

யூலை 17, வியாழன்

மாவுக்கட்டு வெட்டினார்கள். உள்ளே கை சுருங்கி, வேறு யாருடையதோ போல.
வாங்கவேண்டியது: மண்ணெண்ணெய், தேங்காய், நுளம்புத்திரி.

புஷ்பம் ஒளித்து எடுத்தாள். இவர் சாப்பிடுவதில்லையாம். "ரெண்டு வாய்தாம்மா. தட்டத் தள்ளிடுறாரு. பொழுதுபட்டா கீழ்க்காணிக்காரங்க வரலியான்னு மட்டும் கேக்குறாரு."

"அப்ப நான் கீழ்க்காணிக்காரியா வாறன்" என்றேன். பகிடிக்குத்தான்.

அவள் சிரிக்கவில்லை. "வாங்கம்மா. பொறுப்பா இருக்கிற பெரியம்மாகிட்ட நான் சொல்றேன்."

யூலை 20, ஞாயிறு

கீழ்க்காணிக்காரி நாகேஸ் செத்து ஆறு வருடம். வயலுக்கு வரும்போது சட்டைக்கு மேலே புருசனின் நீட்டுக்கைச் சேட், தலையில் துவாய்க் கட்டு. இவருடைய பழைய சேட் ஒன்றைக் கொண்டுபோய், இல்லத்துக் கக்கூசுக்குள் நின்று போட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன். அறுபத்தெட்டு வயதில் வேசம் கட்டுகிறேன். யாராவது கண்டால் எனக்கும் ஒரு கட்டில் ஒதுக்குவார்கள்.

தோட்டப் பக்கத்தால் வந்து நின்றேன். "அண்ணை, எங்கட பக்கம் தண்ணி இன்னும் வரேல்லை." நாகேஸ் மாதிரி இழுத்து.

பார்த்தார். கனநேரம் பார்த்தார். கண்டுபிடிக்கக் கூடாது என்றும் இருந்தது. கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது.

"வாங்கோ தங்கச்சி. இருங்கோ. எங்கட முறை முடிஞ்சுது, இப்ப திறந்துவிடுறன்."

எழும்பவில்லை. படலைப் பக்கம் பார்க்கவும் இல்லை. கொண்டுபோன இடியப்பத்தில் பதினொன்று சாப்பிட்டார், எண்ணினேன். "நல்ல சொதி. எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் வைக்கிறவா" என்றார். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொறுப்பாளர் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறா. வெளிக்கிடும்போது, "அடுத்த ஞாயிறும் வாங்கோ" என்று மட்டும் சொன்னா.

யூலை 25, வெள்ளி

காற்று அடங்கவில்லை. வயலைக் குத்தகைக்குச் செய்பவர் வந்தார், கதிர் பழுக்குதாம். "ஐயா எப்பிடி?" "இருக்கிறார்."

சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டேன். முறுக்குச் சுட்டேன். ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது. வந்தால் போகப் பயமாகவும் இருக்கிறது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

விடியவே சூடு. பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

முதலில் கந்தோர் அறை. பொறுப்பாளர் கடதாசியை நீட்டினா. "சரிவந்திட்டுது. சாப்பிடுறார், படுக்கிறார், படலைக்குப் போறதில்லை. இனி எங்களோட இருக்கட்டும்." கையெழுத்து வைத்தேன். இதற்குத்தானே ஒரு மாதமாக நேர்த்தி வைத்துக்கொண்டு திரிந்தேன். புஷ்பம் என் தோளைத் தொட்டாள்.

பிறகு சேட், துவாய்க் கட்டு.

மாமரத்தடியில் இருந்தார். சொதியைக் குழைத்துச் சாப்பிட்டார். பாதியில் கையை எடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எங்கட வீட்டுப் பக்கம் போறனீங்களோ?"

"ஓம் அண்ணை."

"என்ர மனுசியைக் கண்டனீங்களோ? அவா வாறேல்லை."

"சுகமா இருக்கிறா."

"நான் அவாவைத் தள்ளிப்போட்டன். கையில அடிபட்டுது. அதுதான் கோவம் போல. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

தள்ளியது தெரிந்திருக்கிறது. என் பெயர், மகளின் முகம், நேற்றுச் சாப்பிட்டது எல்லாம் போய், அது மட்டும் நின்றிருக்கிறது. இடது கையைச் சேலைக்குள் மறைத்தேன். "இஞ்சாருங்கோ, நான்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் எழும்புவார், படலைக்குப் போவார், மை காயாத கடதாசியைக் கிழிப்பார்கள். கந்தோர் யன்னலில் பொறுப்பாளர் நின்றா.

"போற வழியில ஒருக்கா ஏறி அவாவிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி. தெரியாமல் செய்துபோட்டன் எண்டு. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகட்டாம் எண்டு."

"ஓம் அண்ணை. சொல்லுறன்."