ஜெனி சொல்லாத ‘ஏன்’

செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பனகல் பார்க் பக்கம் செருப்பு வார் அறுந்தது. இழுத்துக்கொண்டே கோச்சிங் கிளாஸ்.

ஞாயிறு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அப்பா சொல்லிவிட்டார்: “இந்த வாட்டியும் சீட் வரலேன்னா கடையில வந்து உக்காரு.” மாட வீதிப் பாத்திரக் கடை.

வாதத்தின் முக்கிய முடிவைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் மறுபடி கோட்டை விட்டேன். ‘இந்தத் தெருவுக்கு உடனே வடிகால் வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. ஆகவே கொசு பெருகுகிறது.’ முடிவு எது? கொசு என்று குறித்தேன். விடை, வடிகால்.

ஜெனியிடம் கேட்டேன். “எனக்கும் அது புரியவே மாட்டேங்குதுடி.” சாந்தோம்காரி, காலேஜிலிருந்து ஒன்றாகப் படிக்கிறோம். கொஞ்சம் ஆறுதல்.

வியாழன்

மாதிரித் தேர்வு. அந்தப் பகுதியில் எனக்குப் பாதிக்கு மேல் தப்பு. ஜெனிக்கு எல்லாம் சரி. சார் போர்டுக்குக் கூப்பிட்டார். கடகடவென்று சொன்னாள்:

“ஆகவே, எனவேன்னு வந்தா ஏமாறக் கூடாது சார். ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேக்கணும். வடிகால் ஏன் வேணும்? கொசு, தண்ணி. மத்ததெல்லாம் எதுக்குக் காரணமோ அதான் முடிவு.”

“எங்கம்மா கத்துக்கிட்ட?”

“அடையாறுல சார். சனிக்கிழமை கிளாஸ் போறேன்.”

சனிக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்றல்லவா சொன்னாள். பொய்யைக்கூட விடு. நான் தினமும் ‘ஆகவே’வுக்குக் கோடு போட்டுத் தப்பு வாங்குவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாளே. துரோகி. எழுதிவிட்டேன். அழுகையாக வருகிறது.

வெள்ளி

ஹால் டிக்கெட் பிரிண்ட், லஸ் கடையில். தோசை மாவு. செருப்பு தைக்கவில்லை.

கோயில் குளத்தருகே ஜெனி காத்திருந்தாள். “உனக்கு உங்கப்பா கடை இருக்கு. எனக்கு இந்தப் பரீட்சைய விட்டா ஒண்ணுமில்ல வித்யா. அதனாலதான் சொல்லல. நீயா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்ப.”

செருப்பை இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து அவள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ கேட்டுப் பார்த்தேன். ‘அதனால’ வந்த வரி முடிவு இல்லை. எல்லாம் போய் முட்டுக்கொடுப்பது கடைசி வரிக்கு: நீயும் பண்ணியிருப்ப. மன்னிப்பு எந்த வரியிலும் இல்லை.

பண்ணியிருக்க மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

சனி

மழை வரும்போல் இருக்கிறது. அப்பா புதுப் பேனா வாங்கி வைத்திருக்கிறார். ஜெனி சொன்ன முறையில் பழைய கேள்விகளைப் போட்டேன். எல்லாம் சரி. சந்தோஷமே இல்லை.

மதியம் கவிதாவின் மெசேஜ். கிளாஸில் கடைசி பெஞ்ச், வியாழன் அன்று வரவில்லை. ‘அக்கா, அந்த முடிவு கேள்வி மட்டும் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்களேன். ப்ளீஸ்.’

பார்த்தேன். இருட்டப்போகிறது. இன்னும் பதில் போடவில்லை.