கொடிமரத்தடியில் விடுபட்டவர்கள்

என் ரகு அண்ணா,

நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. உனக்காக அழுதது போதும். இன்று கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கல்கத்தா அலிப்பூரில் உன் கண்காட்சியைத் திறந்துவிட்டார்கள். பாங்கிலிருந்து ரிட்டயரான பிறகு நீ அலைந்து சேர்த்ததெல்லாம் சுவரில் இருக்கிறது. பாய்மரக் கப்பல்கள் கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்குள் நுழையும் முகத்துவாரம், கரையில் நின்ற கொடிமரங்கள், எந்தக் கொடி ஏறினால் மணல்திட்டு, எது ஏறினால் புயல் என்று காட்டும் படங்கள். தந்தி வராத காலத்தில், கோபுரத்துக்குக் கோபுரம் மரக்கைகளை அசைத்து, கப்பல் வந்த சேதியைக் கல்கத்தா வரை கடத்திய விதம். எல்லாம் அழகு. கடைசிப் பலகை மட்டும் இல்லை.

புயலில் செத்தவர்களின் பலகை. கடல் ஏறி வருகிறது என்று தெரிந்தும், "வெளியே கப்பல் நிற்கிறது, கொடியை இறக்காதே" என்று அதிகாரி உத்தரவு போட, கயிற்றைப் பிடித்தபடியே அடித்துச் செல்லப்பட்ட, கயிறு இழுக்கும் கலாசிகள், கொடி ஏற்றும் கூலியாட்கள். கப்பல் தப்பியது. கேப்டனுக்குப் பாராட்டு. இவர்களுக்கு ஒரு வரி கிடையாது என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீ குமுறியது எனக்கு மறக்கவில்லை.

உன் நண்பர் சேகரைப் பிடித்துக் கேட்டேன். கண்காட்சிக் குழுவுக்குச் செயலாளர் அவர்தான்.

"ஜானு, திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷாள்லாம் வரா. அங்க சாவு, பொணம்னு வெக்க முடியுமா?"

"அண்ணா ஒத்துண்டிருக்க மாட்டான்."

"ஒத்துண்டான். ஆஸ்பத்திரில நானே கேட்டேன். 'உங்க இஷ்டம்'னான்."

உங்க இஷ்டமா, அண்ணா? மூக்கில் குழாயோடு கிடந்தவனிடம் சம்மதம் கேட்டவரைச் சொல்வதா, கொடுத்துவிட்ட உன்னைச் சொல்வதா? களைப்பில் சொன்னாயா, நட்புக்காகவா? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? தினமும் பக்கத்தில்தானே இருந்தேன், ஆரஞ்சு உரித்துக்கொண்டு.

நேரே ஹாலுக்குப் போனேன். பலகை இருக்கவேண்டிய வெறுஞ்சுவரின் முன் நின்று, அந்தக் கலாசிகளின் கதையைப் பெங்காலியில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். காவலாளி ஓடிவந்தான். "தீதி, வெளியே போங்க!" பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி குறுக்கே நின்றாள். "போல்தே தின்," பேச விடுங்கள் என்றாள். புயலை, உத்தரவை, கயிற்றை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அவங்க பேரெல்லாம் என்ன?" என்று அவளே கேட்டாள்.

"யாரும் எழுதி வைக்கலை" என்றேன்.

கேப்டனின் பெயர் எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பி அதைப் பார்த்தது. அண்ணா, அந்த நிமிஷம் நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

பிறகு சேகர் வந்தார். "இனிமே ஒன்னை உள்ள விடப்படாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே விடவேண்டாம். தெரு அவருடையதில்லையே. டாக்குரியா வீட்டிலிருந்து பஸ் இருக்கிறது, முட்டிவலிக்குத் தைலம் இருக்கிறது. கண்காட்சி முடியும்வரை தினமும் வாசலில் நிற்பேன். வருகிறவர்களை நிறுத்திச் சொல்வேன். நீ சம்மதித்திருக்கலாம். நான் சம்மதிக்கவில்லை.

உன் பேச்சைக் கேட்காத தங்கை,
ஜானு