எழுத மூச்சு தேவையில்லை

கோபக்காரிக்கு,

"ஊரு விட்டு ஊரு வந்து ஒழைக்கிறவ கூப்பிடுறேன், எல்லாத்துக்கும் 'ம்'தானா? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் இல்லை. நாலு வார்த்தை பேசினால் இழுப்பு வந்துவிடுகிறது. அது உன் காதில் விழுந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், மகளின் படிப்பு நின்றுபோகும். ஆனால் இனியும் மறைத்தால் நீ கூப்பிடுவதையே விட்டுவிடுவாய். எழுத மூச்சு தேவையில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல் அறுக்கும் பட்டறையில் எங்களுக்கு முகமூடி தராமலில்லை. அதிகாரி பார்வையிட வருகிற அன்று தருவார்கள். அவர் டீ குடித்துவிட்டுப் போனதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். நுரையீரலில் தூசி படிந்துவிட்டதென்று டாக்டர் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். "சிகரெட்டக் கொறச்சுக்கப்பா" என்றார். நான் அதைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் சட்டை மாட்டினாலே கட்டிலில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருக்கிறது. மாடிப்படி இறங்குவதில்லை. சிரித்தால் எனக்கு இருமல் வருகிறதென்று கூட்டாளிகள் முதலில் வேடிக்கை பேசுவதை நிறுத்தினார்கள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

நீ வர வேண்டாம். கூப்பிடு, போதும். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, உன் சூப்பர்வைசர் இன்று யார்மேல் விழுந்து பிடுங்கினான், எல்லாவற்றையும் சொல். நான் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. திட்டுவதாக இருந்தால்கூட நீளமாகத் திட்டு.

உன் வீட்டுக்காரன்