கமோலிக்குப் போய் வந்தேன், அக்கா

என் அன்பு அக்காவுக்கு,

கடைசியில் கமோலிக்குப் போய்விட்டேன். நீங்கள் இல்லாமல். உங்கள் ஆண்டுத்திவசம் முடிந்த அடுத்த வாரமே சுவிஸில் நம் எம்மன்புரூக்கேயிலிருந்து இத்தாலிப் பக்கம் காரை எடுத்தேன். ஐந்து மணி நேர ஓட்டம்தான். அதற்காகத்தான் உங்களைப் பதினொரு வருடம் காக்க வைத்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உங்களோடு வேலை செய்த பாவ்லாவின் ஊர் அது. படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நீங்களும் பிடித்து மடிக்கும்போது அவர் சொன்ன கதைகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். அப்போது உங்களிடம் இருந்தது தற்காலிக அனுமதிக்கான எஃப் அட்டை, எல்லை தாண்ட முடியாது. "தம்பி, அங்க வீட்டுச் சுவரில பொய் யன்னல் கீறி வைச்சிருக்கினமாம்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

உண்மைதான் அக்கா. கடலோரம் ஆறு மாடி வீடுகள் செம்மஞ்சளும் ரோசாவுமாக நெருக்கியடித்து நிற்கின்றன. எது யன்னல், எது ஓவியம் என்று கிட்டப் போனால்தான் தெரிகிறது. கடலிலிருந்து திரும்புகிறவன் தன் வீட்டைத் தூரத்திலேயே அடையாளம் காணத்தான் இத்தனை நிறமாம். இந்தச் சின்ன ஊருக்கு ஒரு காலத்தில் எக்கச்சக்கமான பாய்க்கப்பல்கள் இருந்தனவாம். கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டிய குட்டிக் கோட்டை இன்னும் பாறைமேல் நிற்கிறது. கரையில் மணல் இல்லை, கூழாங்கற்கள்தான். நாலடி நடப்பதற்குள் உங்கள் முழங்கால் வலி ஞாபகம் வந்துவிட்டது.

மேட்டில் ஒரு மாதா கோயில். புயலில் தப்பியவர்கள் கொண்டுவந்து மாட்டிய படங்கள் சுவர் முழுக்க. சரியும் கப்பல், மேகத்தில் மாதா. நம்முடைய நேர்த்தி மாதிரித்தான். நீங்கள் வந்திருந்தால் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, இதில் எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்டிருப்பீர்கள். அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வதிவிட அனுமதியான பி அட்டை கிடைத்தபின் கோடைக்குக் கோடை கேட்டீர்கள். "கமோலிக்குப் போவமோ?" நானோ லண்டனில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, டொரன்டோவில் கல்யாணம் என்று லீவைத் தின்று தீர்த்தேன். நாம் போகாவிட்டால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஆர் வருவார்கள் என்ற பயம். "இத்தாலி பக்கத்திலதானே அக்கா, எப்பவும் போகலாம்." "ஓம், ஓம்" என்றுவிட்டுச் சீலை அடுக்கத் தொடங்குவீர்கள்.

பாவ்லா இப்போது ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். துறைமுகத்தில் கோப்பி வாங்கித் தந்தபடி சொன்னார். ஒவ்வொரு கோடையும் ஊருக்கு வரும்போது தன் காரில் உங்களைக் கூப்பிட்டாராம். தன் வீட்டிலேயே தங்கலாம் என்றாராம். நீங்கள் மறுத்துவிட்டீர்களாம். "தம்பி கூட்டிக்கொண்டு போவான். அவனை விட்டிட்டுப் போனால் அவனுக்கு மனம் நோகும்" என்றீர்களாம்.

எனக்கா அக்கா மனம் நோகும்? இதை ஏன் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் நான் புறப்பட்டிருப்பேனா?

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று ஊரார் கடலில் மெழுகுவர்த்திகளை மிதக்க விடுவார்களாம். உங்கள் பெயரில் நானும் ஒன்று விடப்போகிறேன். அதே நாள் பாரிஸில் சித்தியின் பேத்திக்குக் கல்யாணம். வரமாட்டேன் என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

"அப்பிடி என்ன அலுவல் உனக்கு?" என்று சித்தி கோபித்தார்.

"அக்காவைக் கமோலிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

இந்தமுறை தள்ளிப்போட மாட்டேன், சத்தியமாக.

மனம் நொந்துபோயிருக்கும்
உங்கள் தம்பி