கழற்றி அனுப்பிய நிறங்கள்

மயிலாப்பூர்,
13.6.1999, ஞாயிறு

அன்புள்ள கிரீஷ் அண்ணாவுக்கு,

ஸ்ரீலக்ஷ்மியின் நமஸ்காரம். வீட்டில் மூவரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் விட்டுவிட மாட்டேன். படித்து முடித்தபின் நீ என்னைத் திட்டலாம்.

போர்முனைக்குப் போகும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று அப்பா சொன்னார். அதனால் உன் விமானப்படை ஸ்குவாட்ரனின் பெயரையோ விமானத்தின் பெயரையோ எங்கும் எழுதவில்லை. பிரித்துப் படிக்கும் அந்த அதிகாரிக்கும் என் வணக்கம்.

நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்தது. அம்மாதான் பிரித்தாள். கறுப்பு சிவப்பு ஸ்கார்ஃப், தோளில் ஒட்டும் இரண்டு சின்னங்கள், உன் பெயர் போட்ட பட்டை எல்லாம் இருந்தன. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "அம்மா, நான் சௌக்கியம். இதையெல்லாம் பீரோவில் வை." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது, அண்ணா.

இரண்டு விமானங்கள் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து அம்மா சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்பா பேப்பரின் முதல் பக்கத்தை மட்டும் உருவி ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுகிறார். டெலிபோன் அடித்தால் மூவரும் ஓடுவோம். போனவுடன் யாரும் எடுக்க மாட்டோம். கடைசியில் நான்தான் எடுப்பேன்.

அப்படி இருந்த அம்மா, பார்சலைப் பிரித்து மடியில் பரப்பி வைத்துக்கொண்டு சிரித்தாள். நம் ரயில்வே மாமா என்ஜினை விட்டு ஆபீசுக்கு மாற்றலானபோது, பழைய பேட்ஜையும் விசிலையும் அம்மா கையில் கொடுத்து, இனி இது எனக்கு வேண்டாம், சாமி ரூமில் வை என்றாராமே, அது நினைவுக்கு வந்துவிட்டது அவளுக்கு. உன்னையும் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள், ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். "பறக்கறதுலேர்ந்து எடுத்துட்டா பாருங்கோன்னா. பகவான் கண்ணைத் திறந்துட்டான்" என்று அப்பாவிடம் சொன்னாள். அன்றைக்கு ரசம் சாதம் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாயங்காலம் கபாலி கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பார்சலின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜனவரி லீவில் நீ மொட்டை மாடியில் சொன்னாயே. புதிதாக வருபவனின் ஹெல்மெட் வெறும் வெள்ளையாக இருக்கும். முழுப் பயிற்சி முடிந்த அன்றுதான் அதில் கறுப்பு சிவப்புப் பட்டை தீட்டுவார்கள். ஸ்குவாட்ரனில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கோடு இழுப்பார்கள், சொந்தக்காரன் மட்டும் தூரிகையைத் தொடக்கூடாது. உன் ஹெல்மெட்டில் கோடு இழுக்கும்போது யாரோ தும்மிவிட்டதால் பின்பக்கம் ஒரு சிவப்புச் சொட்டு வழிந்து அப்படியே காய்ந்துவிட்டது என்றாய். பிறகு நான் நச்சரித்துக் கேட்டேன், இந்த நிறத்தை எப்போதாவது கழற்றுவீர்களா என்று. சண்டைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவோம் என்றாய். எல்லைக்கு அந்தப் பக்கம் பாராசூட்டில் குதிக்க நேர்ந்தால் எந்த ஸ்குவாட்ரன் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் சின்னம், பெயர், ஸ்கார்ஃப் எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஹெல்மெட் பட்டையின் மேல் சாம்பல் நிற டேப் ஒட்டிவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமையே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன். சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "அவ சாப்பிடட்டும்" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இன்று காலை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஸ்கார்ஃபை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, கே.கே. நகருக்குக் கிளம்பு என்றாள். அண்ணா, சந்திரமௌலி மாமா வீட்டுக்கு. உன் லீவில் நீ பெண் பார்த்துவிட்டு வந்தாயே, பையன் தங்கம், பறக்கிற வேலைதான் பயமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்களே, அதே வீடு. அதற்குப் பிறகு நீ மூன்று நாள் ஷேவ் செய்துகொள்ளவில்லை. நான் கவனித்தேன்.

ஆட்டோவில் கவர் நழுவி ஸ்கார்ஃப் வெளியே வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, மாநாட்டுக்குப் போய்க்கினு கீறீங்களா? கறுப்பு செவப்பு எல்லாம் ஜோரா கீது."

மயிலாப்பூர் மாமியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. வேறு நாளாக இருந்தால் அம்மா ஆட்டோவை நிறுத்தி இறங்கியிருப்பாள். இன்று சிரித்துவிட்டு, என் பிள்ளை ஏர்ஃபோர்ஸில் போட்டுக்கொண்டது, இப்போது அவனுக்கு ஆபீஸ் வேலை கொடுத்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சுமா. புள்ள மேல பறந்துகினு இருந்தா பெத்தவளுக்குச் சோறு எறங்குமா?" என்றார் அவர். கோடம்பாக்கம் மேம்பாலம் வரை, சொல்லிவிடு சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அங்கே அம்மா டீப்பாயின் மேல் ஸ்கார்ஃபை விரித்து, எல்லாவற்றையும் விவரித்தாள். சந்திரமௌலி மாமாவுக்கும் சந்தோஷம்தான். நமக்கு வேறென்ன குறை, ஆவணியிலேயே முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்றார். நீ பார்த்துவிட்டு வந்த சாருலதா அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். ஸ்கார்ஃபைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாடியில் துணி எடுக்கப் போகிறேன், நீயும் வாயேன் என்றாள்.

கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்: "உங்கம்மா சொல்றச்சே நீ ஏன் டம்ளரையே பாத்துண்டு இருந்தே?"

சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன். வெள்ளை ஹெல்மெட், ஒவ்வொருவரும் இழுக்கும் கோடு, தும்மல், சிவப்புச் சொட்டு, எப்போது கழற்றுவார்கள், ஏன் கழற்றுவார்கள் என்பது எல்லாம். அம்மாவிடம் சொல்லாததை ஒரு முறை மட்டுமே பார்த்த ஒருத்தியிடம் சொன்னேன். ஆனால் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவளை ஏமாற்றலாமா? அது அம்மாவின் தவறாகக் கூட இருக்காது, தெரிந்தே செய்ததால் என்னுடையதாகிவிடும். இந்தச் சம்பந்தம் கெட்டுப்போனால் அதற்கும் நான்தான் காரணம். இரண்டையும் யோசித்துவிட்டுத்தான் பேசினேன்.

அவள் அழவில்லை. ஒரு தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்தாள். அந்தச் சொட்டு டேப்புக்கு அடியில் இருக்குமா, வெளியே தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, இன்றைக்குத்தான் தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றேன். துணிகளை அள்ளிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். எல்லாவற்றையும் கூடத்தில் போட்டு உடைக்கப் போகிறாள், அம்மா அங்கேயே விழப்போகிறாள் என்று நினைத்தேன்.

மாமா அவளைப் பார்த்து, என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

"நேக்குச் சம்மதம்ப்பா. அவர் எந்த வேலைல இருந்தாலும் சம்மதம்."

"அதான் ஆபீஸ் வேலைன்னு மாமி சொல்றாளே, அசடு" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சாருலதா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டீப்பாயிலிருந்து ஸ்கார்ஃபை எடுத்து, இதை நான் வைத்துக்கொள்ளலாமா மாமி என்று கேட்டாள். பீரோவில் வை என்று நீ எழுதியிருந்ததால் அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, உன் பீரோவாக இருந்தால் என்ன என்று கொடுத்துவிட்டாள். கிளம்பும்போது அவள் வாசலில் என் கையைப் பிடித்து, அவர் பத்திரமாக இறங்கின சேதி வந்தால் முதலில் எனக்கு ஃபோன் பண்ணுவாயா என்றாள். அவர்கள் வீட்டு நம்பர் என் கணக்கு நோட்டில் இருக்கிறது. இனி அவளை அக்கா என்று எழுதுவதா, மன்னி என்று எழுதுவதா என்று தெரியவில்லை.

அண்ணா, உன்னிடம் இரண்டு வேண்டுதல்கள். அம்மாவுக்கு நீ எழுதும்போது ஆபீஸைப் பற்றி ஒன்றும் எழுதாதே, பறப்பதைப் பற்றியும் எழுதாதே. சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுது. உண்மையை நீயே நேரில் வந்து சொல்லிக்கொள். அடி விழுந்தால் பாதி எனக்கு. இரண்டாவது, ஆவணிக்குள் வந்துவிடு. லீவு தருவார்களா என்று அம்மா தினமும் கேட்கிறாள், என்னால் எத்தனை நாளைக்குப் பதில் சொல்ல முடியும்?

நான் சின்னவள், உன்னை ஆசீர்வதிக்க எனக்கு உரிமையில்லை. பகவான் பெரியவர், அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அன்புத் தங்கை,
ஸ்ரீலக்ஷ்மி

பி.கு.: சண்டைச் செய்தி வந்ததிலிருந்து அம்மா கூடத்து விளக்கையும் வாசல் விளக்கையும் ராத்திரி முழுக்க எரியவிட்டிருந்தாள். யாராவது சேதி கொண்டு வந்தால் இருட்டில் தடுமாறக்கூடாது என்பாள். இப்போது ஒன்பது மணிகூட ஆகவில்லை. கரண்ட் எதற்கு வீண், இனிமேல் என்ன பயம் என்று சொல்லிவிட்டு, அம்மாவே இரண்டு விளக்குகளையும் அணைத்துவிட்டாள்.