பால்பல் மாறாத கிடா

வைகாசி 28, திங்கள். வெளியே சாரல்.

பக்ரீத்துக்குக் கிடா வாங்க, கடையநல்லூர் பாய் ஒருவர் இன்று எங்கள் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தார். ஒரு வயது ஆகியிருக்க வேண்டுமே என்று வாயைத் திறந்து பல் பார்த்தார். பெரிய கிடா பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற சின்னதின் வாயையும் திறந்தார்.

“டாக்டரம்மா, இது பால்குட்டில்லா! தாயிட்டருந்து ஏன் பிரிச்சுக் கட்டிருக்கிய?”

இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. சின்னதுக்குப் பிறந்த வாரமே ஆராய்ச்சிக்காகத் தைராய்டு சுரப்பியை எடுத்தது நான்தான். பிறகு அது வளரவில்லை, பல்லும் மாறவில்லை. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரிக்கு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கத் தெம்பில்லை. ஆனால் இல்லாத தைராய்டை மட்டும், அதைத் தூண்டும் ஹார்மோனைச் சுரந்து, ஓயாமல் கூப்பிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் அந்தக் கூப்பாடு ஏறியே இருக்கிறது.

பாயே சின்னதின் கயிற்றை அவிழ்த்து, அதைத் தாயிடம் கொண்டுபோய் விட்டார். தாய் மோந்து பார்த்தது. குட்டி மடியை முட்டியது. மடி வற்றி எத்தனையோ மாதம் ஆயிற்று. வேறு ஆடென்றால் உதைத்திருக்கும். இது காலை அகட்டி நின்று கொடுத்தது.

“பாத்தியளா, என்ன பசி!” என்றார் பாய்.

காலையில் அதன் கழுத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.